கறுப்பைச் சரிசெய்த ஞாயிற்றுக்கிழமை

துணியின் நிறம் பார்க்கிறவனை வேறு எதையும் பார்க்கச் சொல்லக் கூடாது. சாயப்பட்டறை லேபில் எட்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. துணி வாங்குகிற பையர் அனுப்பிய துண்டுத் துணியையும் எங்கள் துணியையும் விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒரு இம்மி வெளுத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிர்தான் அன்றைக்குத் தங்கச்சியின் தலையில் விடிந்தது.

அவள் கல்லூரி கடைசி வருடம். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஆடுவாள், நன்றாகவே ஆடுவாள். எங்கள் ஊர்க் கேமிங் சென்டர் ஒன்றில் இருவர் இருவராக மோதும் போட்டி. ஜெயிக்கிற ஜோடிக்குச் சென்னையில் அடுத்த சுற்று. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: ஜெயித்தால் சென்னைக்கு அனுப்புவார், தோற்றால் வீட்டில் இனி அந்தப் பேச்சே எழக் கூடாது. கடைசி ஆட்டத்தன்று பார்த்து அவளுடைய ஜோடிக்காரிக்குக் காய்ச்சல். வீட்டு லேப்டாப்பில் அவளோடு ஆடிப் பழகியிருந்த என்னை, வேறு வழியில்லாமல் கூட்டிப்போனாள்.

உட்கார்ந்ததும் திரை கண்ணை உறுத்தியது. வெளிச்சத்தை ஏகத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். ஆட்டத்தில் வரும் இருட்டறை இருட்டாகவே இல்லை. பத்து முறை துவைத்த கறுப்பு பனியன் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது. ஒளிந்திருப்பவன் தெரிய வேண்டும் என்றுதான் போட்டியில் அப்படி வைப்பார்களாம். எனக்கு எங்கே தெரியும்? தங்கச்சி ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கறுப்பு கறுப்பாகும்வரை வெளிச்சத்தை இறக்கினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஆட்டம் சமமாகப் போய்க் கடைசிச் சுற்றுக்கு வந்தது. எதிரணியில் ஒருவன் மிச்சம். எங்களில் தங்கச்சி சுடப்பட்டுவிட்டாள்; இனி நான் பார்ப்பதுதான் அவள் திரையிலும் தெரியும். பாழடைந்த கிடங்கு ஒன்றில் நின்றிருந்தேன். வளைந்த அகலத் திரை. ஓரக்கண்ணுக்குக்கூடச் சென்டரின் சுவர் தெரியவில்லை. எதிரே திறந்த கதவு, உள்ளே அசல் கறுப்பு. வீட்டு லேப்டாப்பில் செத்தால் சிரித்துவிட்டு டீ குடிக்கிறவன் நான். இங்கே கதவுக்குள் எட்டிப் பார்க்க நிஜமாகவே தலையைச் சாய்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

“கதவுக்கு எடப்பக்கமா நிக்கறானுங்கண்ணா, சுடுங்க.”

அங்கே யாருமில்லை என்றேன். அவள் மறுபடி சொன்னாள். சுட்டால் நான் நிற்கும் இடம் தெரிந்துவிடுமே என்று எனக்குப் பயம். விரல் அசையவில்லை. ஒரு அடி பின்வாங்கினேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பொறி பறந்தது, திரை சிவந்தது, நான் நாற்காலியோடு பின்னால் சரிந்தேன்.

தங்கச்சி எழுந்து வந்தாள். இரண்டு திரையிலும் கடைசிக் காட்சி திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையில், வெளுத்த இருட்டுக்குள், கதவோரம் ஒருவன் பளிச்சென்று நின்றான். என் திரையில் வெறும் கறுப்பு.

“வெளிச்சத்தக் கொறச்சீங்களாண்ணா?”

கறுப்பு சாம்பலடித்தது என்று முணுமுணுத்தேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. அவள் நாலு திட்டு திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குள் அப்பாவிடமிருந்து போன் வந்தது.

“தோத்துப் போச்சுங்கப்பா,” என்றாள். “நாந்தானுங்க சரியா ஆடல.”

அவர் என்ன சொன்னாரோ, சேரீங்கப்பா என்று வைத்துவிட்டாள். பக்கத்திலேயே நின்ற நான் அந்தப் போனை வாங்கிப் பேசியிருக்கலாம். வாங்கவில்லை.