மகளின் இரண்டு இனிஷியல்கள்

என் மகள் வேலை பார்க்கும் கல்லூரியின் பதவி உயர்வு விதிகளில் பிரிவு ஏழு, உட்பிரிவு இரண்டு தெளிவாகவே சொல்கிறது: விண்ணப்பதாரர் வேறு பெயரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளும், இருவரும் ஒருவரே என்பதற்கான சான்று இருந்தால், கணக்கில் சேரும், முப்பது நாட்களுக்குள் பதில் தரப்படும். துறைமுக நிர்வாகப் பிரிவில் காலமெல்லாம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். இவ்வளவு தெளிவான விதியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என் மகள் கணினி வரைகலை ஆய்வாளர். ஒரு பொருளின் மேல் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பொருளைக் கணினித் திரையில் வரவழைப்பது அவள் வேலை. முதலில் முத்து. திருமணத்துக்குப் பிறகு உப்பு. வேம்பார் போகும் வழியில் ஒரு பை கல்லுப்பு வாங்கி வந்து, அதற்குள் புகுந்த வெளிச்சம் எப்படித் திரும்பி வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்தாள். 'மாதிரி' என்று எழுதி ஒட்டிய டப்பாவிலிருந்து என் மனைவி ஒரு நாள் சாளை மீன் குழம்புக்கு எடுத்துப் போட்டதில் ஆய்வு ஒரு வாரம் நின்றது.

முத்துக் கட்டுரைகள் என் இனிஷியலில் வெளிவந்தவை. உப்புக் கட்டுரைகள் மாப்பிள்ளையின் இனிஷியலில். கல்யாணமான கையோடு எல்லா அடையாள அட்டைகளிலும் இனிஷியலை மாற்றிக் கோப்பில் வைத்தவன் நான்தான். உலகத்து ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிக் கொடுக்கும் இணையதளத்துக்கு நம் வழக்கம் தெரியவில்லை. அவளை இரண்டு பேராகப் பதிந்துகொண்டது.

பதவி உயர்வுக்குப் பத்துக் கட்டுரைகள் வேண்டும். முத்துக்காரிக்கு நான்கு, உப்புக்காரிக்கு ஏழு. நூறு மேற்கோள்களும் வேண்டும்; அதாவது அந்தக் கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எடுத்துக்காட்டியிருக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து நூற்றுப் பதினெட்டு இருந்தது. தேர்வுக் குழு கூடுவதே அபூர்வம். இந்த முறை விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"ரெண்டையும் சேத்துக் காட்டிட்டாப் போதும்லா, எப்பா?"

"சான்றிதழ் இல்லாம ஒண்ணும் சேராது ஏளா. அதை நான் பாத்துக்கிடுதேன்."

சான்றிதழுக்கு விண்ணப்பம் பதியும் மையத்தில் கணினி முன் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "ரெண்டு பேரு போட்டோவும் வேணும் அண்ணாச்சி."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுன்னு சொல்லத்தானம்மா சான்றிதழே கேக்கேன்."

"அது சரி. கட்டம் ரெண்டு இருக்குல்லா? ஒண்ணைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்றும் பிந்தையது ஒன்றும் கொடுத்தேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சாடை இருக்கு அண்ணாச்சி."

சான்றிதழ் வந்தது. விண்ணப்பத்தோடு இணைத்தோம். பத்தே நாளில் கல்லூரியிலிருந்து கடிதம்: இருவரும் ஒருவரே என்று நிரூபணமாகிவிட்டதால், உப்புக் கட்டுரைகளில் முத்துக் கட்டுரைகளை எடுத்துக்காட்டிய இருபத்து மூன்று இடங்களும் தன்னைத்தானே மேற்கோள் காட்டியவை ஆகின்றன, அவை கழிக்கப்படும். மீதி தொண்ணூற்றைந்து. இருவராக இருந்தால் கட்டுரை போதாது, ஒருவராக இருந்தால் மேற்கோள் போதாது.

"நீங்க சும்மா இருந்திருந்தா கவுரவமாத் தோத்திருப்பேன்," என்றாள் மகள். "இப்ப என்னைய நானே புகழ்ந்துக்கிட்டேன்னு எழுதி வச்சித் தோக்கடிக்காங்க."

மாப்பிள்ளை சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஆனா மாமா, உங்க இனிஷியலுக்குத்தான் மேற்கோள் கூட," என்றார். சரியான தகவல்தான். சொன்ன நேரம் சரியில்லை. மகள் இரண்டு நாள் எங்கள் இருவரோடும் பேசவில்லை.

மூன்றாம் நாள் மனு எழுதினேன். மனுதாரரை ஒருவராகக் கொள்வதா இருவராகக் கொள்வதா என்பதை ஒரே ஆணையில் தெளிவுபடுத்தக் கோரினேன். ஒருவர் என்றால் கட்டுரை தேறும், இருவர் என்றால் கழித்த மேற்கோள் திரும்பும்; எந்தப் பதில் சொன்னாலும் ஒரு பிடி கிடைக்கும் என்பது என் கணக்கு. முப்பது நாள் போயிற்று. முதல் நினைவூட்டு. இரண்டாம் நினைவூட்டு. தொலைபேசியில் கேட்டேன்.

"ஃபைல் மேசையிலதான் சார் இருக்கு."

"எந்த மேசையில?"

"அதைத்தான் சார் தேடுதோம்."

கடைசியில் பதிவுத் தபால் வந்தது. மனுதாரர் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு ஒருவராகவும், மேற்கோள்களின் எண்ணிக்கைக்கு இருவராகவும் கருதப்பட்டு, அவருக்குப் பதவி உயர்வு அளிக்கப்படுகிறது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. இந்த மாதிரிக் கடிதங்களை எழுதியே ஓய்வு பெற்றவன் நான். வேலைப்பாட்டை மதிக்கத் தெரியும். எழுந்து நின்று இன்னொரு முறை படித்தேன்.

"எப்பா, பதவி உயர்வு எனக்கா, அவளுக்கா?"

"யாராவது ஒராளு உடனே போய்ச் சேந்துருங்க. மனசு மாறிடப் போறாங்க."

அவள் சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கல்லூரி பூட்டியிருக்கும். எங்கள் ஊர்ப் பனிமய மாதா திருவிழாவுக்கு அன்று உள்ளூர் விடுமுறை, தபாலுக்கு மட்டும் கிடையாது; பதில் வந்த தேதி ஆகஸ்ட் ஐந்து.