கார்பின் சொல்லாமல் விட்ட பதில்

கார்பின் ரெகீரிடம் எதைச் சொன்னாலும் உடனே பதில் வராது. நாம் சொன்னதை முதலில் தன் வாயால் திருப்பிச் சொல்வான். "நீ சொல்றது இதுதானே?" என்று ஆரம்பிப்பான். நாம் "அதேதான்" என்ற பிறகுதான் தன் பேச்சுக்கு வருவான். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், மாறவில்லை. ஒருமுறை நெடுஞ்சாலை உணவகத்தில் பணிப்பெண், பழம் பொதிந்து சுடும் 'பை' பலகாரம் தீர்ந்துவிட்டது என்றாள். "அதாவது செர்ரி பை மட்டும் தீர்ந்துபோச்சு, ஆப்பிள் இருக்கு, அப்படித்தானே?" என்றான். "தம்பி, பை தீர்ந்துபோச்சு. இதுல புரியாததுக்கு என்ன இருக்கு?" என்று சொல்லிக் காபியை ஊற்றிவிட்டுப் போனாள்.

இது பிறவிக் குணமல்ல. கான்சாஸில் நாங்கள் படித்த கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் வகுப்பு அவனுக்குத் தந்தது. அந்த வகுப்பில் பாடப்புத்தகம் கிடையாது, விரிவுரை கிடையாது. நான்கு வருஷமும் பழம்பெரும் நூல்கள்தான். ஒரு நீள்வட்ட மேசை. அதைச் சுற்றி நாங்கள். ஜெபம் முடிந்ததும் டாக்டர் ப்ளாங்கர் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பிறகு அவர் வாய் திறப்பது அபூர்வம். மேசையில் எல்லோரும் மிஸ்டர், மிஸ்தான்.

அங்கே ஒரு விதி. ஒருவரை மறுக்க வேண்டுமானால், அவர் சொன்னதை அவரே "அதேதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி நாம் முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு நம் மறுப்பைச் சொல்லியே தீர வேண்டும். அழகாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நழுவினால் டாக்டர் ப்ளாங்கர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "மிஸ்டர் ரெகீர், உங்க பாக்கி இன்னும் வரல."

முதல் வருஷம் முழுக்க எனக்கு இந்த விதி எரிச்சலாக இருந்தது. அப்பா மாட்டிறைச்சி ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யார் குரல் பெரிதோ அவர் கட்சிதான் ஜெயிக்கும். கார்பின் வேறு மாதிரி. ஒரு கிரேக்க நாடகத்தில் வரும் கொடுங்கோல் அரசன் பக்கத்தை அவன் எடுத்துச் சொன்னபோது, அந்த ஆளை அரை மணி நேரமாகத் திட்டிக்கொண்டிருந்த எனக்கே பாவமாக இருந்தது.

மூன்றாம் வருஷ வசந்தத்தில் ஒரு நாள் உணவுக்கூடத்தில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"மரிசெலா, ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வர்றியா? சபைக் கூட்டம். ஓட்டெடுப்பு."

அவன் அப்பா வெர்னன், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய மெனோனைட் கிறிஸ்தவச் சபையின் போதகர். கார்பின் பிறந்து வளர்ந்தது ஆலயத்தை ஒட்டிய போதகர் வீட்டில்தான். கேலன் ஷ்ராக் என்ற விவசாயி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். பக்கத்து ஊர்ப் பெரிய சபையோடு இணைந்துவிடலாம் என்பது தீர்மானம். அது நிறைவேறினால் போதகருக்கும் வேலை இல்லை, அந்த வீடும் இல்லை.

"அப்பாவுக்கு வேற எந்த வேலையும் தெரியாது. இந்த வயசுல யார் கூப்பிடுவாங்க? நான் எழுந்து பேசப்போறேன்."

போகும் வழியெல்லாம் காரில் ஒத்திகை நடந்தது. நான் கேலனாக இருந்தேன். அவன் கேலனின் வாதத்தைச் சொல்வான். நான் "இல்ல, அது இல்ல" என்பேன். மறுபடி சொல்வான். ஊர் தெரிய ஆரம்பித்தபோது கேட்டேன்.

"சரி, உன் பதில்?"

"அதுக்கு எதுக்கு ஒத்திகை? அது எங்க அப்பா. எனக்குத் தெரியாதா?"

ஆராதனை முடிந்து ஆலயத்தின் நிலவறையில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், காபி, இறைச்சியும் முட்டைக்கோஸும் பொதிந்த பீராக் ரொட்டிகள். தலைமை டார்கஸ் உன்ரூ அம்மாள். கேலன் எழுந்தார். பேச்சு வரவில்லை.

"பாஸ்டர் மேல எனக்கு ஒண்ணும்... அது வந்து... பசங்க... எண்ணிக்கையைப் பாத்தா..."

"கேலன், நீ சபையைப் பத்திப் பேசறியா, கோதுமை விளைச்சலைப் பத்தியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் வெர்னன் பக்கம்தான் இருந்தது. அது எனக்கே தெரிந்தது. கேலன் முகம் சிவக்க உட்கார்ந்துவிட்டார். அன்று கார்பின் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும்.

அவன் எழுந்தான்.

"பதில் சொல்றதுக்கு முன்னாடி, கேலன் சொன்னதை நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனான்னு பாத்துக்கறேன். அப்பா தப்பு பண்ணிட்டார்னு நீங்க சொல்லல. உங்க பேத்தி ஞாயிறு வகுப்புல ஒத்தையா உக்காந்திருக்கா. கூடச் சேர்ந்து பாட இன்னொரு குழந்தை இல்ல. இந்தக் கட்டடத்தையும் நம்ம ஞாபகங்களையும் காப்பாத்தப்போய், விசுவாசம்னாலே வயசானவங்க சமாச்சாரம்னு அவளுக்குக் கத்துக்கொடுக்கறோம். இணைஞ்சா நஷ்டம் நமக்கு, லாபம் அவளுக்கு. ஆனா உங்க மனைவியோட கடைசி நாள் வரைக்கும் பக்கத்துல இருந்தவர் எங்க அப்பா. அவர் முகத்தைப் பாத்து இதைச் சொல்ல உங்களுக்கு வாய் வரல. இதுதானே?"

கேலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதேதான்," என்றார். "நான் சொல்ல வந்தது அதேதான்."

கேலனின் அந்தச் சின்னப் பேத்தி சமையல் மேடையருகே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். டார்கஸ் அம்மாள் காத்திருந்தார்.

"மேல சொல்லுப்பா, கார்பின்."

கார்பின் தன் அப்பாவைப் பார்த்தான். வெர்னன் லேசாக முன்னால் சாய்ந்து, மகன் சொல்லப்போவதைக் கேட்க உட்கார்ந்திருந்தார். கார்பினின் வாய் திறந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டான்.

தீர்மானம் நிறைவேறியது. எழுந்து போய்க் கேலனின் கையைக் குலுக்கிய முதல் ஆள் வெர்னன்தான்.

வீட்டில் அவன் அம்மா நடீன் தட்டுகளைச் சத்தத்தோடு வைத்தார். "படிக்க வெச்சது வீண் போகல. கேலனுக்கு நல்ல வக்கீல் கெடைச்சார்."

"விடு நடீன். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல," என்றார் வெர்னன். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஆனா உன் பக்கம் என்னன்னு கேக்கத்தான்டா காத்திருந்தேன்."

திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். வெகுதூரம் வந்த பிறகு அவனே சொன்னான்.

"எழுந்து நின்னப்போ என்கிட்ட பதில் இருந்துச்சு, மரிசெலா. அவர் 'அதேதான்'னு சொன்னதும் அதைத் தேடறேன், காணோம். அந்தக் குழந்தைதான் கண்ணு முன்னாடி நிக்கிறா."

நடந்ததை ஃபோனில் என் அம்மாவிடம் சொன்னேன். "அப்பனுக்காகப் பேசப்போறவன் எதிராளி பேச்சையா மனப்பாடம் பண்ணிட்டுப் போவான்? இதைத்தான் அங்க சொல்லித் தர்றாங்களா?" என்றாள். ஆமாம், இதைத்தான் சொல்லித்தந்தார்கள். அதை நான் நம்பவும் செய்கிறேன். ஆனால் அம்மாவின் கேள்வியை அம்மா ஒப்புக்கொள்ளும்படி என்னால் திருப்பிச் சொல்ல முடிகிறது. அதற்கு மேல் போக முடியவில்லை. எங்களுக்குக் கிடைத்தது நியாய புத்தியா, அல்லது சொந்த மனிதர்களுக்கு உதவாத ஒரு சாமர்த்தியமா? இன்னும் எனக்குத் தெளிவில்லை.

ஜூன் மாதம் அவர்கள் போதகர் வீட்டைக் காலிசெய்தார்கள். வெர்னன் இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கேலனின் பேத்தி அதில்தான் போகிறாள். படிப்பு முடிந்து கார்பினுக்கு மாவட்ட அலுவலகத்தில் வேலை. வேலித் தகராறு, கிணற்றுத் தகராறு என்று வரும் விவசாயிகளை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசுவான். இரண்டு பக்கத்தாரும் அவனிடம் "அதேதான்" என்பார்கள். முடிவை மேலதிகாரி சொல்வார்.

போன நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வெர்னன் வான்கோழியை வெட்டிப் பரிமாறினார். பள்ளிப் பேருந்துக் கதைகள் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தார். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னடா, அந்த விஷயம் இன்னும் பாக்கி இருக்கே?"

கார்பின் முள்கரண்டியை வைத்தான்.

"நீங்க கேக்கறது... அன்னைக்கு உங்களுக்காக நான் என்ன சொல்லப்போனேங்கறது. இதுதானேப்பா?"

"அதேதான்," என்றார் வெர்னன்.

நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நடீன்கூட மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்பின் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எடுத்து அப்பாவின் பக்கம் நகர்த்தினான்.