பதினாறு நாள் முடியாமல் வந்த பிள்ளை

திங்கட்கிழமை காலை அவள் வகுப்பில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அப்பாவை எரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நான் ஜெலுத்தோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை. பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் வருவாள் என்று நினைத்திருந்தேன். ஓய்வு நேரத்தில் அவள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"திருப்பி அனுப்பிடாதீங்க டீச்சர். லீவு முடிஞ்சிருச்சு, நான் ஃபேக்டரிக்கு வந்துட்டேன். வீட்டுல ஆளில்ல. அவ தூங்கவே மாட்டேங்கிறா. அவங்கப்பா தூக்கத்துலதானே போனாரு. கண்ண மூடுனா தானும் போயிருவேன்னு பயப்படுறா. ஸ்கூல்ல நாலு பிள்ளைங்களோட இருந்தா சரியாயிடும்னு பாக்குறேன்."

இருக்கட்டும் என்றேன்.

அன்று சாயங்காலமே வகுப்புப் பெற்றோரின் வாட்சப் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். தீட்டு கழியாத பிள்ளையை எப்படி அனுப்பலாம், வெள்ளிக்கிழமை பள்ளியில் பூஜை இருக்கிறதே என்று. சாவு வீட்டுக்கு எல்லாரும் வந்தவர்கள்தான். சோறு சமைத்துக் கொண்டுவந்தவர்களும் அதில் உண்டு. அந்தப் பிள்ளையின் அம்மாவும் அதே குழுவில்தான் இருக்கிறாள் என்பது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மின்சுற்று பாடம். நான்கு நான்கு பேராக உட்காரவைத்து பேட்டரி, ஒயர், பல்பு கொடுத்தேன். அவளோடு உட்கார வேண்டிய மூன்று பெண்களும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"அம்மா தொடக் கூடாதுன்னாங்க டீச்சர்."

பிள்ளைகளைத் திட்டி என்ன செய்வது? பின்வரிசை வாயாடி ஒருத்தன் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தான்.

"எங்கம்மா போன் கெட்டுப் போச்சுலா டீச்சர். என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவன் ஒயரை மாட்டிய விதத்தைப் பார்த்து, "அப்படி வச்சா எப்படிடா எரியும், மண்டு" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசியது அதுதான்.

புதன்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க டீச்சர். வெள்ளிக்கிழமை ஒரு நாள் வீட்டுல இருக்கட்டும்."

"வீட்டுல யாரு சார் இருக்கா?"

"பெத்தவங்க கேக்குறாங்களே. நான் என்ன பதில் சொல்ல?"

"இது பள்ளிக்கூடம்னு சொல்லுங்க."

அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நானும் திருநீறு பூசுகிறவள்தான், தீட்டு பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள்தான். துக்கத்தில் இருக்கிறவர்கள் ஓய்ந்து கிடக்கட்டும் என்றுதான் அதை வைத்திருப்பார்கள். பதினோரு வயசுப் பிள்ளையைப் பூட்டிய வீட்டில் தனியாக விட்டுவைக்க அல்ல. வெள்ளிக்கிழமை அவளைப் பூஜைக்கும் கூட்டிக்கொண்டு போவது, யார் கேட்கிறார்கள் பார்ப்போம் என்று வீம்பாகவே முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை அவளிடம் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

"பூஜைக்கு வரல டீச்சர். எனக்கே சாமி கும்பிடப் பிடிக்கல. கிளாஸ்ல இருக்கட்டுமா?"

என் வீம்பு அவளுக்கு எதற்கு? சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் மண்டபத்துக்குப் போனார்கள். நானும் அவளும் மட்டும் வகுப்பில். நான் பயிற்சிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் தலையைச் சாய்த்தாள்.

"நீங்க போயிர மாட்டீங்களே டீச்சர்?"

"இங்கதான் இருப்பேன்."

கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராக வந்தது. நிஜமாகவே தூங்குகிறாள் என்று பக்கத்தில் போய்ப் பார்த்துத்தான் நம்பினேன்.

பூஜை முடிந்து பிள்ளைகள் சத்தத்தோடு வந்தார்கள். வாசலிலேயே நிறுத்தி, வாயில் விரலை வைத்தேன். அந்த மூன்று பெண்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அடுத்த பாடம் நடத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். நடைக்கூடத்தில் வந்த தலைமையாசிரியர் சன்னல் வழியாகப் பார்த்தார்.

"பாடம் இல்லையா டீச்சர்?"

"பிள்ளை தூங்குது சார்."

கொஞ்சம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

பள்ளி முடிந்ததும் அவள் அம்மா மோட்டார் சைக்கிளில் வந்தாள். தூங்கினாள் என்று சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள்.

"எழுப்புற வரைக்கும்."

ஹெல்மெட் கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டாள். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்த பிறகும், வண்டியை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.