குடிக்காத நாற்பது நாள்

கிள்ளானில் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் பழி குடிமேல்தான் விழும். தட்டு, கதவு, அண்ணியின் கைவிரல், எல்லாம்தான். "தண்ணி போட்டாதான் லா அவன் அப்படி, மத்தபடி தங்கம்" என்பார் அம்மா, அண்ணனைப் பற்றி. நானும் அதையே சொல்லித் திரிந்தேன்.

தைப்பூசத்துக்கு அண்ணன் நாற்பத்தெட்டு நாள் விரதம் இருப்பார். மாலை போட்டுவிட்டால் பீர் பக்கமே போகமாட்டார். அந்த முறை நாற்பதாம் நாள் பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கு வந்தார். பட்டப்பகல். கீழே மோட்டார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு பெரியவரோடு வாய்த்தகராறு. மஞ்சள் வேட்டியோடு ஹெல்மெட்டைத் தூக்கி அவர் மண்டையில் போட்டார். பக்கத்தில்தான் நின்றேன். அண்ணனிடம் திருநீறு வாசம் மட்டும்தான் அடித்தது.

"விரதத்துல இருந்தவன் சுயபுத்தியோட அடிச்சான்னு ஊர் பேசினா, நான் எப்படி கோயிலுக்குப் போவேன்?" என்று அழுதார் அம்மா. வழக்கு நடந்தது. தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் கொடுக்க, அண்ணனின் வழக்கறிஞர் குடும்பத்திடம் ஒரு கடிதம் கேட்டார். அன்று அண்ணன் விரதத்தை முறித்துக் குடித்துவிட்டார், குடிதான் அவரைக் கெடுத்தது என்று எழுதிக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

அண்ணன் காஜாங் சிறையில் இருந்த ஒரு வருஷமும் நான் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல் கடைக்காரரிடம் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வருவேன். போன மாதம் அண்ணன் வெளியே வந்தார். குடியை அடியோடு விட்டுவிட்டாராம். செலாயாங்கில் தன் அக்காள் வீட்டில் பிள்ளையோடு இருந்த அண்ணியைத் திரும்பி வரச் சொன்னார் அம்மா. அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அன்னிக்கு அவரு குடிக்கல. நான்தான் பொய் எழுதினேன்."



"தெரியும்மா. குடிச்சா அவரு தூங்கிடுவாரு லா. என் விரல ஒடச்சப்பவும் குடிக்கல. ஒடச்ச பிறகுதான் போய்க் குடிச்சிட்டு வந்தாரு."

"ஏன் அண்ணி யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு நம்புவா? கண்ணால பாத்த நீயே குடின்னு எழுதிட்ட."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதி அன்றே அண்ணிக்கு அனுப்பினேன். அவர் அதை அம்மாவுக்கும் அனுப்பிவைத்தார், கிள்ளானுக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா இப்போது என் போனை எடுப்பதில்லை. அண்ணன் குடியை விட்டுவிட்டார். வீட்டில் எது உடைந்தாலும் இனி பழி என்மேல்தான்.