சித்திரை மாதத்து ஹீட்டர்

வெங்காயம் உரிப்பது அந்த வீட்டில் பக்ருதீனின் வேலை. சாகிராவுக்குக் கண் எரியும்; அவருக்கு எரியாது. பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டுச் செஞ்சிக்குத் திரும்பி நான்கு வருஷம் ஆகிறது. முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாலே அவருக்கு வடக்கத்தி மலை ஞாபகம் வந்துவிடும்.

"அறுபத்திரண்டுல, அந்த மலை மேல..."

"வெரலு போன கதைதானே? உரிங்க," என்பாள் சாகிரா.

அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. லாரியில் சூடான காற்று ஊதும் ஹீட்டர் நின்றுபோய், பனியில் எட்டு மணி நேரம் மாட்டிக்கொண்டதில் விரல்கள் செத்துப்போயின என்பது அவர் கட்சி. ஜாக்கி நழுவிக் காலில் விழுந்திருக்கும், வெளியே சொல்ல வெட்கப்பட்டுக் கதை கட்டுகிறார் என்பது அவள் கட்சி. குளிரில் விரல் போகும் என்பதைக்கூட அவள் ஒத்துக்கொண்டிருப்பாள். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களைச் சூடாக்க ஒரு மெஷின் உண்டு என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மூன்று பக்கமும் பாறை மலை காய்கிற ஊரில் பிறந்தவள் அவள். "காசு குடுத்து சூடு வாங்குவாங்களாம்டா," என்று தம்பி அமீர் ஜானிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பக்ருதீன் வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் கொட்டகை இருந்தது. அந்த வருஷம் சித்திரையில், மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை வியாபாரம் செய்யும் சுந்தரமூர்த்தி தன் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். குன்னூர்த் தோட்டத்து வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய கார்.

"பாய், இந்தக் குமிழைத் திருப்புனா உள்ள காத்து வரும். இப்ப வரமாட்டேங்குது. கார்ல ஃபேன் இருக்குதுன்னு அவலூர்பேட்டை வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்."

பக்ருதீன் குனிந்து பார்த்தார். முகமே மாறிவிட்டது. "மொதலாளி! இது ஃபேன் இல்ல. ஹீட்டர்!"

"இன்னா பண்ணும்?"

"சூடு பண்ணும்."

"எதை?"

"உள்ள ஒக்காந்திருக்கிறவங்கள."

சுந்தரமூர்த்தி ரோட்டைப் பார்த்தார். தார் உருகிக்கொண்டிருந்தது. "எதுக்கு?" என்றார்.

பக்ருதீனுக்கு விளக்கம் சொல்லப் பொறுமை இல்லை. ஆளை அனுப்பி அமீர் ஜானைக் கூட்டிவரச் சொன்னார். வீட்டில் போய்ச் சாட்சி சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

முதலில் ஹாரனை அமுக்கிப் பார்த்தார், அடித்தது. ஹாரனுக்கும் ஹீட்டருக்கும் ஒரே ப்யூஸ். அப்படியானால் ப்யூஸ் நல்லது. சுவிட்சைத் தாண்டி ஒயரில் டெஸ்ட் பல்பை வைத்தார், எரிந்தது. கரண்ட் மோட்டார் வரைக்கும் வருகிறது. எர்த் ஒயரைச் சுரண்டிப் பளபளவென்று மாட்டினார். அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராகவே கரண்ட் கொடுத்துப் பார்த்தார். மோட்டார் "உம்" என்று முனகியது, ஒயர்தான் சுட்டது.

"சுத்தப் பாக்குது. எதுவோ புடிச்சிக்கினு இருக்குது," என்றபடி டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பெட்டியைக் கழற்றினார். அவர் நெஞ்சின்மேல் கட்டுக்கட்டாக ஊதுவத்திக் குச்சிகள் விழுந்தன. அப்புறம் காய்ந்த கதம்பம், கோலிக்குண்டு மாதிரி வற்றிப்போன ஒரு எலுமிச்சம்பழம், கிழிந்த விபூதிப் பொட்டலங்கள்.

பின் சீட்டிலிருந்து சுந்தரமூர்த்தியின் மனைவி ரத்தினம்மாள் எட்டிப் பார்த்தாள். "வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழம நான் வெக்கறது பாய். கண்ணாடிக்குக் கீழ ஊதுவத்தி வெக்கறதுக்குன்னே ஓட்டை வுட்டிருக்கான் பாருங்க, வெள்ளைக்காரன்."

"அம்மா, அது காத்து வர்ற வழி."

"அதான், வாசனையும் அதுலயே வரட்டும்னு."

எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்ப மாட்டினார். இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் குழாயையும் திறந்துவிட்டார். அமீர் ஜான் வந்து ரத்தினம்மாளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓட விட்டார்கள்.

"கண்ணாடியெல்லாம் ஏத்துங்க," என்றார் பக்ருதீன்.

"பாய், செத்துப்போயிடுவோம்," என்றார் சுந்தரமூர்த்தி.

"ஒரே நிமிஷம் மொதலாளி. அமீரு, நல்லாப் பாத்துக்க. உங்க அக்காகிட்ட சொல்லணும்."

குமிழைத் திருப்பினார். மோட்டார் உறுமிச் சுற்றியது. அவர் கை எட்டாத குழாயில் தங்கியிருந்த விபூதி முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. நான்கு பேரும் வெளுத்துப்போனார்கள்.

ரத்தினம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டாள். "வெச்சது எங்கியும் போவல. பாருங்க!"

"சூடு! சூட்டைப் பாருங்க!" என்று பக்ருதீன் இருமிக்கொண்டே கத்தினார்.

"சூடாத்தான் இருக்குது. எப்பவும் போல," என்றார் சுந்தரமூர்த்தி. வியர்வையில் விபூதி குழைந்து அவர் கன்னத்தில் ஓடியது. "பாய், இந்த விபூதி தெனமும் வருமா?"

அமீர் ஜான் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினான். உள்ளே இழுத்தான். மறுபடி நீட்டினான். "மச்சான், வெளியதான் சூடு ஜாஸ்தி."

அதற்குள் காரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சுந்தரமூர்த்தி இறங்கினாரோ இல்லையோ, ஒரு கிழவர் அவர் கன்னத்திலிருந்தே தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு பொட்டலம் கூடுதலாகப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி, பக்ருதீன் கையில் கூலியோடு ஒரு தேங்காயும் கொடுத்துவிட்டு ரத்தினம்மாள் கிளம்பினாள். சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் இறுக மூடிவிடச் சொன்னார் சுந்தரமூர்த்தி.

சாயங்காலம் பக்ருதீன் வீட்டுக்கு வந்தபோது அமீர் ஜான் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். சாகிரா தேங்காயை வாங்கி வைத்தாள். அவர் முறத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூஞ்சி பூரா விபூதியாமே?"

"அது கெடக்குது. சூடு வந்துச்சுன்னு சொன்னானா?"

"சித்திரை மாசத்துல செஞ்சில சூடு வந்துச்சுன்னு யாராவது வந்து சொல்லுவாங்களா?"

அவர் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார். பிறகு இடது காலை முன்னால் நீட்டினார்.

"மெஷினு இருக்குது. உங்க தம்பியே அதுக்குள்ள ஒக்காந்துட்டு வந்தான். மெஷினு நெசம்னா, இதுவும் நெசந்தானே? இப்பவாச்சும் நம்புறியா?"

அவர் காதோரத்திலிருந்து கொஞ்சம் விபூதி முறத்தில் உதிர்ந்தது. சாகிரா உரித்த வெங்காயத்தை வழித்து எடுத்து, ஒட்டிய விபூதியை வாயால் ஒரு தரம் ஊதிவிட்டு, "ஜாக்கியும் நெசந்தான்," என்றபடி அடுப்படிக்குப் போனாள்.