செபமாலைக்கு வந்தவள்

மன்னாரிலிருந்து புலம்பெயர்ந்து வந்த கத்தரீனா பத்தொன்பது வருடமாகப் போர்கோ வெக்கியோ என்ற பழைய நகர்ப்பகுதியில் ஒரே வீட்டில்தான் இருக்கிறாள். முன்பெல்லாம் செருப்புச் சத்தத்தை வைத்தே படியில் யார் ஏறுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். இப்போது பயணப்பெட்டிச் சில்லுகள்தான் கடகடவென்று ஏறுகின்றன. இரண்டாம் மாடியும் மூன்றாம் மாடியும் சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்குப் போய்விட்டன. ஒவ்வொரு வீடும் காலியாவதற்கு முன் வீட்டுத் தரகன் அனுப்பிய, தெரியாத ஓர் ஆள் வந்து, இனிக்க இனிக்கப் பேசி, கண்ணாலே அளந்துவிட்டுப் போனதை அவள் கவனித்திருக்கிறாள். அவளுடைய வாடகை ஒப்பந்தம் வருகிற யூனில் முடிகிறது.

செபமாலை மாதமான ஒக்டோபரில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். அந்த வெள்ளிக்கிழமை அவளுடைய முறை. பங்குக் கோவிலுக்குப் புதிதாக வந்த துசானியும் கூட்டத்தோடு வந்திருந்தாள். எல்லோரும் கண்ணை மூடிச் செபிக்க, இவள் முகட்டைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள். கத்தரீனாவும் கண்ணை மூடவில்லை, அதனால்தான் கண்டாள். தேநீர் கொடுக்கிற நேரம் துசானி, கத்தரீனாவின் மகள் விட்டுப்போன அறையின் கதவைத் தள்ளி, போனில் இரண்டு படமும் எடுத்துவிட்டாள். இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. ஒவ்வொரு சாவியிலும் இலக்கம்.

"உதென்ன பிள்ளை, இவ்வளவு சாவி?"

"சுற்றுலாக்காரர் தங்கிற அறையள் துடைக்கிறன் அக்கா."

போதாதா? தரகன் மாதாவோடு சேர்த்து ஆளையும் அனுப்பியிருக்கிறான்!

மறுவாரம் துசானி தனியாக வந்தாள். கத்தரீனா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அந்தச் சின்ன அறை..."

"மழைக்கு ஒழுகும். எலி வேற."

"பெரிய எலியோ?"

"பூனையே பயந்து ஓடிப்போச்சு. கீழ்வீட்டுக்காரன் குடிச்சுப்போட்டு விடிய விடியக் கத்துவான்."

ஒவ்வொரு பொய்க்கும் துசானியின் முகம் சுருங்கியது. கடைசியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பரவாயில்லை அக்கா. எலிக்குப் பொறி வைப்பம். கால்சாப் பக்கம் நாங்கள் இருக்கிற வீட்டை நாள் வாடகைக்கு விடப்போகினமாம், மாசக்கடைசிக்குள்ள எழும்பிப் போகச் சொல்லிப்போட்டினம். உங்கட மகள் மிலானோவுக்குப் போனபிறகு அறை சும்மா கிடக்குதெண்டு செபத்துக்கு வாற சூசையம்மா அன்ரிதான் சொன்னவ. என்ர மனுசனுக்குக் காட்டத்தான் படம் எடுத்தனான்."

"ஊரெல்லாம் அறை துடைக்கிற உன்னையே எழுப்பினமோ?"

"ஓம். இனி அந்த வீட்டையும் நான்தான் துடைக்க வேணுமாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்குள் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கத்தரீனா தேடினாள். அகப்படவில்லை. அகப்படாததும் அவளுக்கு அவ்வளவு நல்லதாகப் படவில்லை.

"உன்னை அறை துடைக்க வைக்கிற முதலாளி இந்தப் படியில கால் வைக்கப்படாது."

"வைக்கமாட்டார் அக்கா."

"மாதாவில சத்தியம் பண்ணு."

துசானி எழுந்து நின்று சத்தியம் பண்ணினாள். கத்தரீனா வாசலில் கொஞ்சம் ஒதுங்கினாள், ஓர் ஆள் உடம்பை ஒடுக்கி நுழையுமளவுக்கு மட்டும்.

"உள்ளுக்கு வந்து பார். போனை வெளியில எடுக்கப்படாது."