செருப்போடு ஏறிய படி

எனக்கு வயது எண்பத்தொன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். கடைசியது கொழுந்தனார் விட்டுப்போன பிள்ளை. ஒருத்தரையும் பசியோடு படுக்க விட்டதில்லை. இதை என் கையாலேயே எழுதுகிறேன். எழுத வைத்தவர் டீச்சர்.

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தை முதலாளி விற்றதும் ஈப்போ பட்டணத்துக்கு வந்து, லகாட் போகிற வழியில் ஒரு கம்பத்துக் குடியிருப்பில் பலகை வீடு போட்டோம். அங்கே குழாய் இல்லை. ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைத் தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டு அரசியலுக்கு வந்தவர். நகராண்மைக் கழகத்தில் உறுப்பினர். சாயங்காலம் கம்பத்துக்கு வந்து எங்களைப் போன்ற பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பார். குழாய்க்காகக் கூட்டத்தில் பேசிக்கொண்டும் இருந்தார். குட்டைத் தண்ணீரில் குளிக்கிறவர்களே வந்து சொன்னால்தான் எடுபடும் என்று ஒருநாள் எங்களைக் கழகக் கட்டடத்துக்கு வரச்சொன்னார்.

அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தோட்டத்தில் விடியற்காலை பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்திருப்பது போல, படிக்குக் கீழே வெயிலில் வரிசையாக நின்றோம். துரை பங்களாவில் அப்படி நின்றுதான் பழக்கம்.

டீச்சர் காரை விட்டு இறங்கிப் பார்த்தார். திட்டவில்லை. முகம்தான் ஒரு மாதிரி ஆனது.

“என்னக்கா, தொரையப் பாக்கவா வந்தீங்க? செருப்ப மாட்டுங்க. இது நம்ம கட்டடம்லா.”

“செருப்பெல்லாம் சேறு, டீச்சர்” என்றேன்.

“இருக்கட்டும். அதையும் பாக்கட்டும்.”

நான்தான் முதலில் ஏறினேன். வழவழப்பான தரையில் என் செருப்பு டப் டப்பென்று கேட்டது. கூட்டத்தில், தெரிந்த மலாய் மொழியில் நானே பேசினேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் பிள்ளைகள் குழாய்த் தண்ணீரில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள்.

அடுத்த தடவை டீச்சருக்குக் கழகத்தில் அந்த உறுப்பினர் இடம் கிடைக்கவில்லை. கட்சியில் யாரையோ எதிர்த்துப் பேசிவிட்டாராம். பாரிட் புந்தாருக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். அவர் சொல்லிக்கொள்ள வந்த நேரம் நான் வேலையில் இருந்தேன். அப்புறம் பார்க்கவேயில்லை.

இப்போது அடுக்குமாடி வீடு. சாயங்காலம் கீழே கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால், இன்னும் சன்னல் பக்கம் போய்விடுகிறேன்.

அவர் இருந்தால் இதை வாங்கி, பிழை இருக்கிற இடத்தில் சின்னதாக வட்டம் போட்டுத் தருவார். பேத்தி, நீ வட்டம் போடாதே. எனக்குக் கேட்கிற மாதிரி வாசி. படியேறின இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி.